இந்தியாவில் வட்டியில்லா வங்கிக்கு ரிசர்வ் வங்கி ஏன் இசையவில்லை?

"கோடிக்கணக்கான மக்கள் கேட்கிறார்கள், பிரிட்டன்கூட அனுமதித்துவிட்டது, நம் ரிசர்வ் வங்கி மட்டும் ஏன் இஸ்லாமிய வங்கியை மறுக்கிறது, தடுப்பது சட்டமா, மனமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இன்றைய சட்டப்படி ரிசர்வ் வங்கியால் இதை அனுமதிக்க முடியுமா என்பது முதல் கேள்வி. முடியும் என்றால் ஏன் அனுமதிக்கவில்லை என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தைத் திறந்து ஓரளவு உறுதியாகவே விடை சொல்லலாம். இரண்டாவதற்கு ஆவணங்கள் சொல்வது கொஞ்சம்; மீதி ஊகம். ஒரு வங்கியின் கடன் பிரிவிலும் விதிமுறைக் கண்காணிப்புப் பிரிவிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். மார்க்க அறிஞன் அல்லன். ஆகவே எந்த ஒப்பந்தம் ஹலால் (மார்க்கம் அனுமதிப்பது), எது ஹராம் (மார்க்கம் விலக்குவது) என்ற தீர்ப்புக்குள் நான் போகவில்லை.

முதலில் பதிவில் இருப்பவை. 2005இல் ரிசர்வ் வங்கி, அப்போது அங்கே மூத்த அதிகாரியாக இருந்த ஆனந்த் சின்ஹா தலைமையில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. நடப்பிலுள்ள சட்டத்தின்படி இந்திய வங்கிகள் உள்நாட்டிலோ தம் வெளிநாட்டுக் கிளைகளிலோ இஸ்லாமிய வங்கித் தொழிலை நடத்த இயலாது என்று அந்தக் குழு 2006இல் அறிக்கை தந்தது. 2008இல், ரகுராம் ராஜன் தலைமையில் திட்டக் குழு அமைத்திருந்த நிதித்துறைச் சீர்திருத்தக் குழு வேறு முனையிலிருந்து பேசியது. வட்டியை ஏற்காத நம்பிக்கையால் ஒரு பகுதி மக்கள் நிதிச் சேவைக்கு வெளியே நிற்கிறார்கள், எனவே வட்டியில்லாச் சேவையை வங்கி அமைப்பின் வழியாகவே பெரிய அளவில் கொடுக்க வேண்டும் என்றது. 2015 டிசம்பரில் ரிசர்வ் வங்கியின் தீபக் மொஹந்தி குழு, வழக்கமான வங்கிகளுக்குள்ளேயே வட்டியில்லாத் தனிப்பிரிவு தொடங்கப் பரிந்துரைத்தது. அடுத்து வந்த 2015-16 ஆண்டறிக்கையில், அரசோடு கலந்து இதற்கான வழிமுறைகளை ஆராயப்போவதாக ரிசர்வ் வங்கியே எழுதியது. நிதி அமைச்சகத்துக்கு எழுதிய கடிதத்திலும், சிக்கலான இலாப நட்டப் பங்கீட்டுத் திட்டங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் எளிய சில திட்டங்களைப் படிப்படியாகத் தொடங்கலாம் என்ற யோசனையை முன்வைத்தது. பிறகு 2017 நவம்பரில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு விடையாக, இந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டதாக அறிவித்தது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவையைப் பெறப் பரந்த, சமமான வாய்ப்புகள் இருப்பதைக் கருத்தில் கொண்டே இந்த முடிவு என்பது அது சொன்ன காரணம்.

இந்த வரிசையைப் பார்த்தாலே ஒன்று தெளிவாகும். ரிசர்வ் வங்கி எப்போதும் ஒரே குரலில் மறுத்துக்கொண்டிருக்கவில்லை. 2006இல் "சட்டத்தில் இடமில்லை" என்றது. 2016இல் "மெல்லத் தொடங்கலாம்" என்றது. 2017இல் "தேவையில்லை" என்றது. மூன்றும் மூன்று வேறு விடைகள். இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பொதுவெளியில் நடக்கும் விவாதம் சட்டமா மதவெறுப்பா என்ற இரண்டே முனைகளில் சிக்கிக்கொள்கிறது.

சட்டத்துக்கு வருகிறேன். 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், பொதுமக்களிடமிருந்து திருப்பித் தரவேண்டிய டெபாசிட்டுகளைப் பெற்று அதைக் கடனாகக் கொடுப்பதும் முதலீடு செய்வதும்தான் வங்கித் தொழில் என்று வரையறுக்கிறது. பிரிவு 8, வங்கி சரக்குகளை வாங்கி விற்கக் கூடாது என்கிறது. பிரிவு 9, தன் சொந்த உபயோகத்துக்கு வேண்டியதைத் தவிர மற்ற அசையாச் சொத்துகளை வங்கி ஏழு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. ரிசர்வ் வங்கி விரும்பினால் அதிகபட்சம் இன்னும் ஐந்து ஆண்டுகள் நீட்டிக்கலாம், அவ்வளவே. இஸ்லாமிய வங்கி முறையின் அடிப்படையோ, வங்கி பணத்தைக் கடனாகக் கொடுத்து அதன்மேல் வட்டி வாங்காமல், பொருளை வாங்கி விற்றோ, வாடகைக்கு விட்டோ, தொழிலில் பங்காளியாகச் சேர்ந்தோ ஆதாயம் பெற வேண்டும் என்பது. ஆக, ஒரு வங்கி எதையெல்லாம் செய்யக் கூடாது என்று நம் சட்டம் தடுக்கிறதோ, அதையே அந்த முறை செய்யச் சொல்கிறது.

இது நடைமுறையில் எப்படி இடிக்கும் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஆம்பூரில் காலணி மேற்பகுதி தைத்துக் கொடுக்கும் ஒரு சிறு பட்டறைக்காரர் 10 லட்சம் ரூபாய்க்கு ஓர் எந்திரம் வாங்க விரும்புகிறார் என்று கொள்வோம். இன்றைய முறையில் வங்கி அவருக்குக் கடன் தருகிறது. எந்திரம் அவர் பெயரில் வாங்கப்பட்டு வங்கிக்கு ஈடாக நிற்கிறது. அவர் அசலும் வட்டியுமாகத் தவணை கட்டுகிறார். முராபஹா முறையில் வங்கியே விற்பனையாளரிடமிருந்து 10 லட்சத்துக்கு எந்திரத்தை வாங்க வேண்டும்; பில் வங்கியின் பெயரில் வர வேண்டும்; சிறிது நேரத்துக்காவது அந்த எந்திரத்தின் உடைமையும் அதற்குரிய இடரும் வங்கியிடம் இருக்க வேண்டும்; அதன்பிறகு தன் ஆதாயம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி, மூன்று ஆண்டுத் தவணையில் 12 லட்சத்துக்கு அவருக்கு விற்க வேண்டும். முதல் அடியிலேயே பிரிவு 8 குறுக்கே நிற்கும். அதைத் தாண்டினாலும் வரி வந்து நிற்கும். கடனுக்கான வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் இங்கே வங்கியின் ஆதாயமான 2 லட்சம் சரக்கின் விலைக்குள் அடங்கிவிடுவதால், எந்திரத்துக்கு 18 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அதற்கு மட்டும் 36,000 ரூபாய் வரி கூடுகிறது. பட்டறைக்காரர் ஜிஎஸ்டியில் பதிவு செய்து, வரி போட்டே விற்பவர் என்றால் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார். பதிவு செய்யாத சிறு தொழில்காரர் என்றால் அது முழுக்க அவர் தலையில்தான் விழும். அவர் தவணை தவறினால் வங்கி விலையை உயர்த்த முடியாது. தாமதத்துக்கு அபராதம் வாங்கினாலும் அதை வங்கி தன் வருமானத்தில் சேர்க்காமல் அறப்பணிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விதி. வாராக்கடனைக் கண்டு அஞ்சும் ஒரு கடன் அதிகாரியின் மேசையில் இந்தக் கோப்பு எப்படிப் படும் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக் கடனில் சுமை இன்னும் கூடுதல். வங்கி ஒரு வீட்டை வாங்கி வாடிக்கையாளருக்கு விற்றால் இரண்டு கிரயப் பத்திரங்கள் தேவைப்படும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு ஒரு முறை பதிய நாலரை லட்சம்; இரண்டு முறை பதிந்தால் ஒன்பது லட்சத்துக்கும் மேல். இருபது ஆண்டுகளில் வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக வாடிக்கையாளர் வாங்கிக்கொள்ளும் முறையில் போனால், பிரிவு 9இன் ஏழு ஆண்டு வரம்பு வந்து மறிக்கும்.

டெபாசிட் பக்கத்தில் நிலைமை வேறு. இங்கே பாதித் தீர்வு ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நம் நாட்டில் நடப்புக் கணக்குக்கு வட்டி கொடுக்க வங்கிகளுக்கு அனுமதியே இல்லை. அதாவது, பாதுகாப்புக்காக மட்டும் பணத்தை வைத்துக் கேட்டபோது திரும்பப் பெறும் வட்டியில்லா டெபாசிட் என்பது இந்திய வங்கிகளில் அன்றாடம் நடப்பதுதான். சேமிப்புக் கணக்கில் சேரும் வட்டியைக் கணக்குப் பார்த்துத் தனியே எடுத்து, தமக்கென்று ஒரு ரூபாய்கூடச் செலவிடாமல் ஏழைகளுக்கோ பொதுப்பணிக்கோ கொடுத்துவிடும் வாடிக்கையாளர்களை நான் கவுன்ட்டரில் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தப் பணத்தைத் தம் பயன்பாட்டுக்கு எடுக்க அவர்கள் மனம் ஒப்புவதில்லை. இவர்களுடைய தேவையை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஆனால் அவர்கள் தம் பணத்துக்கு ஆதாயமும் வேண்டும், அது வட்டியாகவும் இருக்கக் கூடாது என்றால், முளாரபா போன்ற இலாபப் பங்கீட்டுக் கணக்குதான் வழி; அதில் நட்டம் வந்தால் டெபாசிட்தாரரும் சுமக்க வேண்டும். "திருப்பித் தரவேண்டிய பணம்" என்ற சட்ட வரையறையும், ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான டெபாசிட் காப்பீடும் அந்தக் கணக்குக்குப் பொருந்துமா என்பது உண்மையாகவே கடினமான கேள்வி.

இதோடு இருப்பு விதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வங்கியும் தன் டெபாசிட்டில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைக்கிறது. அதற்கு 2007ஆம் ஆண்டிலிருந்து வட்டி கிடையாது, ஆகவே அதில் மார்க்கச் சிக்கலும் கிடையாது. சிக்கல் இருப்பது இன்னொரு பகுதியில். அதை ரொக்கம், தங்கம், அரசுக் கடன் பத்திரங்கள் ஆகியவற்றில் வைக்க வேண்டும். 2020 முதல் இது 18 விழுக்காடு. அரசுக் கடன் பத்திரங்கள் வட்டி தருபவை. ஓர் இஸ்லாமிய வங்கி அவற்றைத் தவிர்த்துத் தங்கத்தில் வைக்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் டெபாசிட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எந்த வருமானமும் இல்லாமல் கிடக்கும். நெருக்கடியில் ரிசர்வ் வங்கியிடம் கைமாற்று வாங்கலாம் என்றால் அதுவும் ரெப்போ வட்டிக்குத்தான். மைய வங்கியின் இடத்திலிருந்து பார்த்தால், அவசரத்துக்குக் கைகொடுக்க வழியில்லாத ஒரு வங்கிக்கு உரிமம் கொடுப்பது பொறுப்பற்ற செயலாகவே தோன்றும். இந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆனால் இவ்வளவையும் அடுக்கிவிட்டு "சட்டம் தடுக்கிறது, கைகள் கட்டப்பட்டிருக்கின்றன" என்று முடித்தால் அது பாதி உண்மைதான். அதே சட்டத்தின் பிரிவு 6, உட்பிரிவு (1)(ஓ), மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் வேறு எந்தத் தொழிலையும் வங்கிகள் செய்யலாம் என்கிறது. சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கும் பிரிவு 8இன் காப்புவாசகமோ, அப்படி அறிவிக்கப்பட்ட தொழிலுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று தெளிவாகச் சொல்கிறது. பிரிவு 53 இன்னும் ஒரு படி மேலே போகிறது: ரிசர்வ் வங்கி பரிந்துரைத்தால், ஏதேனும் ஒரு வங்கிக்கோ ஒரு வகை வங்கிகளுக்கோ இந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்தும் மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். ஒரு காலத்தில் எந்திரங்களைக் குத்தகைக்கு விடும் தொழிலும் வங்கிகளுக்கு வெளியேதான் இருந்தது. 1994இல் வங்கிகள் நேரடியாக அதில் இறங்க அனுமதிக்கப்பட்டன. எனவே, சிறு அளவில் எளிய கொள்முதல்-விற்பனைத் திட்டங்களைத் தனிப்பிரிவில் தொடங்க நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஓர் அறிவிக்கை போதும். 2016இல் ரிசர்வ் வங்கி அரசுக்குச் சொன்னதும் இதுதான்: தேவையான அறிவிக்கையை வெளியிட்டால் தொடங்கலாம் என்று. வரியும் முத்திரைத் தீர்வையும் தனி. அவற்றுக்கு ஜிஎஸ்டி மன்றமும் மாநில அரசுகளும் மனம் வைக்க வேண்டும்.

அப்படியானால் 2017இல் சொன்ன காரணத்தை எப்படி எடுத்துக்கொள்வது? எல்லாருக்கும் சமமான வாய்ப்பு இருக்கிறது என்பது, கணக்குத் தொடங்க யாருக்கும் தடையில்லை என்ற பொருளில் சரி. ஆனால் எழுப்பப்பட்ட பிரச்சினை அதுவே அல்ல. வாய்ப்பு திறந்திருந்தும் நம்பிக்கையின் காரணமாக ஒரு பகுதியினர் அதைப் பயன்படுத்துவதில்லை என்றுதான் 2008ஆம் ஆண்டுக் குழு சொன்னது; 2015ஆம் ஆண்டுக் குழு அதற்கு ஒரு வழியையும் காட்டியது. அந்த இரண்டு குழுக்களின் வாதத்துக்கும் 2017இன் ஒற்றை வரியில் விடை இல்லை. ஒரு மைய வங்கி தன் சொந்தக் குழுவின் பரிந்துரையைத் தள்ளலாம், அதற்கு உரிமை உண்டு. ஆனால் இடர்ப்பாடு, இருப்பு விதி, காப்பீடு என்று மேலே நான் எழுதியவற்றைச் சொல்லித் தள்ளியிருந்தால் அது மதிக்கத்தக்க விடையாக இருந்திருக்கும்.

சொல்லப்படாத காரணங்கள் என்னவாக இருக்கும் என்பது ஊகம், ஊகமாகவே படியுங்கள். அரசியல் சூழல் ஒன்று. கேரளத்தில் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் 11 விழுக்காடு பங்கெடுத்து ஓர் இஸ்லாமிய நிதி நிறுவனத்தைத் தொடங்க முற்பட்டபோது, மதச்சார்பற்ற அரசு இதைச் செய்யலாமா என்று சுப்பிரமணியன் சுவாமி வழக்குத் தொடுத்தார். கேரள உயர் நீதிமன்றம் முதலில் தடை விதித்து, 2011இல் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதன்பின் சேரமான் என்ற பெயரில் வங்கியல்லாத நிதி நிறுவனம் ஒன்று உருவானது. 2014இல் பாரத ஸ்டேட் வங்கியின் மியூச்சுவல் ஃபண்ட் பிரிவு கொண்டுவரவிருந்த ஷரியா பங்குத் திட்டம் தொடங்க வேண்டிய நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டது. அதே வகைத் திட்டங்களைத் தனியார் ஃபண்டுகள் அப்போதே நடத்திக்கொண்டிருந்தன என்பதால், இந்தப் பின்வாங்கலை ஒழுங்குமுறைச் சிக்கல் என்று விளக்குவது கடினம். ஆனால் இதை வைத்து 2017ஆம் ஆண்டு முடிவும் அரசியல் அழுத்தத்தால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல நான் துணியமாட்டேன். 2006இல், வேறொரு அரசு ஆட்சியில் இருந்தபோதும், விடை "இயலாது" என்றுதான் வந்தது.

இன்னொரு தயக்கம் நிறுவனத்துக்குள்ளேயே பிறப்பது. ஓர் ஒப்பந்தம் மார்க்கத்துக்கு உட்பட்டதா என்ற சச்சரவு வந்தால் யார் தீர்ப்பது? மலேசியாவில் மைய வங்கிக்குள்ளேயே ஷரியா ஆலோசனை மன்றம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் மைய வங்கிச் சட்டப்படி அதன் முடிவு நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். இந்தியாவில் அப்படி ஒன்றை ரிசர்வ் வங்கிக்குள் அமைக்க முடியாது, அமைக்கவும் கூடாது. ஆனால் பிரிட்டன் வேறு வழி கண்டது. அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு, தான் நிதியைக் கண்காணிப்பதே தவிர மதத்தைக் கண்காணிப்பதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, ஷரியா அறிஞர் குழுவை அந்தந்த வங்கியின் பொறுப்பில் விட்டது. 2003இல் வீட்டுக்கு இருமுறை முத்திரைத் தீர்வை வரும் சிக்கலை நிதிச் சட்டத்தால் நீக்கினார்கள். 2004இல் இஸ்லாமிக் பேங்க் ஆஃப் பிரிட்டனுக்கு உரிமம் கொடுத்தபோது, டெபாசிட் என்றால் முழுமையாகத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற விதி இடித்தது. நட்டம் வந்தால் வங்கி முழுத்தொகையையும் தர முன்வர வேண்டும், மார்க்கக் காரணத்தால் அதை வேண்டாம் என்று மறுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்ற ஏற்பாட்டில் இருதரப்பும் உடன்பட்டன. டெபாசிட் காப்பீடு பற்றி நான் மேலே எழுப்பிய கேள்விக்கு இதைவிட நல்ல விடையை நான் கண்டதில்லை. அருகிலேயே இலங்கையும் 2005இல் தன் வங்கிச் சட்டத்தைத் திருத்தியது. 2011இல் அமானா வங்கி அங்கே தொழில் தொடங்கியது. மலேசியாவும் இலங்கையும் நம்மைப் போலவே ஆங்கிலேயர் விட்டுச் சென்ற சட்ட மரபில் வந்த நாடுகள்.

இனி "மக்கள் கேட்கிறார்கள்" என்பதைப் பற்றி. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்கள் 17.22 கோடிப் பேர். அத்தனை பேரும் வட்டியில்லா வங்கிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பேசுவது மிகை. வங்கிக் கடனில் முஸ்லிம்களின் பங்கு அவர்கள் மக்கள்தொகைக்கு ஏற்ப இல்லை என்பதை 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை காட்டியது உண்மை. ஆனால் அதற்கு நம்பிக்கை மட்டுமே காரணம் என்று எவரும் நிறுவவில்லை. ஏழ்மை, ஈடு காட்டச் சொத்தின்மை, அந்தப் பகுதிகளில் கிளைகள் குறைவாக இருந்தது, வங்கிகளின் பாரபட்சம் எல்லாமே அதில் கலந்திருக்கின்றன. பிரிட்டனின் அனுபவமும் எச்சரிக்கையாக இருக்கிறது: அந்த முதல் வங்கி பல ஆண்டுகள் நட்டத்தில் ஓடி, 2014இல் கத்தார் வங்கி ஒன்றின் கைக்குப் போனது. ஆதரவுக் குரல் கொடுப்பவர்கள் எல்லாரும் கணக்கை மாற்றிவிடுவதில்லை. போதாததற்கு, முராபஹாவே வேறு பெயரில் வரும் வட்டிதான் என்று சொல்லும் முஸ்லிம் அறிஞர்களும் இருக்கிறார்கள். தேவையின் உண்மையான அளவை ஒரு சோதனைத் திட்டத்தால் மட்டுமே அறிய முடியும். அதனால்தான் 2016ஆம் ஆண்டு யோசனை கைவிடப்பட்டதை நான் இழப்பாகப் பார்க்கிறேன்.

அனுமதிக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்பதே எனக்கு மிகவும் முக்கியம். 2019 ஜூனில் பெங்களூரின் ஐஎம்ஏ நிறுவனம் சரிந்தபோது பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. "ஹலால் முதலீடு" என்று சொல்லித்தான் அது பணம் திரட்டியது. பணம் போட்டவர்களை டெபாசிட்தாரர்கள் என்று காட்டாமல், வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை நிறுவனங்களில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டது. பங்காளியின் முதலீடு டெபாசிட் ஆகாது என்பதால் டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டத்தைப் பயன்படுத்துவதே குழப்பமாயிற்று. இலாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் பங்காளி என்ற, மார்க்கத்தில் மதிப்புள்ள ஒரு வடிவத்தை அப்படியே எடுத்து மோசடிக்கு மறைப்பாக்கினார்கள். வட்டியில்லா வங்கிப் பிரிவு இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். எந்த வங்கியும் தர முடியாத ஆதாயத்தைக் காட்டி இழுக்கும் திட்டங்களில் எல்லா மதத்தினரும்தான் விழுகிறார்கள். ஆனால் ஆதாயத்தைப் பெரிதாக எண்ணாமல், வட்டி கலக்காத இடம் ஒன்று வேண்டும் என்று மட்டும் தேடிப்போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. இன்றும் அவர்களுக்கு மிஞ்சியிருப்பவை பள்ளிவாசல்களின் பைத்துல்மால் என்ற பொது உதவி நிதி, சில கூட்டுறவுக் கடன் சங்கங்கள், ஷரியா அளவுகோலில் வடிகட்டிய பங்கு ஃபண்டுகள் ஆகியவைதான். முதல் இரண்டும் சிறிய அளவிலானவை. மூன்றாவது சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டது. இவற்றுக்கு வெளியே யாராவது ஹலால் என்று சொல்லிப் பணம் கேட்டால், ரிசர்வ் வங்கியின் "சசேத்" இணையதளத்தில் அந்த நிறுவனத்துக்குப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கடைசியாக, ரிசர்வ் வங்கிக்கு மனு அனுப்பினால் பயன் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரிவு 6இன் கீழ் அறிவிக்கை வெளியிடும் அதிகாரம் நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறையிடம் இருக்கிறது, மனு போக வேண்டிய முதல் இடம் அதுதான். "இஸ்லாமிய வங்கி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒரே ஒரு பொதுத்துறை வங்கியில், குறிப்பிட்ட சில மாவட்டங்களில், சிறு தொழில்களின் எந்திரக் கொள்முதலுக்கு மட்டும், எந்த மதத்தவரும் பயன்படுத்தக்கூடிய கொள்முதல்-விற்பனைத் திட்டத்தைச் சோதனையாக அனுமதிக்கும் அறிவிக்கை என்று வரையறுத்துக் கேளுங்கள். வங்கியின் ஆதாயப் பகுதியை வட்டிக்கு இணையாகக் கருதி வரிவிலக்கு அளிக்குமாறு ஜிஎஸ்டி மன்றத்துக்குத் தனியே ஒரு மனு மாநில நிதியமைச்சர் வழியாகப் போக வேண்டும். ரிசர்வ் வங்கிக்கு அனுப்புவது என்றால், 2015ஆம் ஆண்டுக் குழுவின் பரிந்துரையை எந்த ஒழுங்குமுறைக் காரணத்தால் ஏற்கவில்லை என்று கேட்டு அனுப்புங்கள்.